முதல் நம்பர் யாருடையது?

அத்தியாயம் 14

பொடிசு பத்திரமாக வீடு திரும்பி ஆறு நாளாகிறது. தெருவே நிம்மதிப் பெருமூச்சு விட்டாகிவிட்டது. அவளைப் பெற்ற கத்திரியம்மாவுக்கு மட்டும் இன்னும் வயிறு எரிந்துகொண்டிருக்கிறது.

காரணம் உங்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி.

மருந்து ஏற்றிப்போகும் குளிர்பெட்டி வண்டிக்கு டிரைவர் பொடிசு. வயது இருபத்து மூன்று. உயரம் ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. வண்டிக்கோ சக்கரம் ஆறு. போன வாரம் மொட்டை மேட்டுச் சாலையில் வண்டி படுத்துவிட்டது. போன் சிக்னல் எட்டிப் பார்க்காத இடம். ஒன்பது மணி நேரம் அவள் இருக்கிறாளா இல்லையா என்றே வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் மதியம் வந்து இறங்கினாள். வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். முன்னால் நின்றவள் அம்மா, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. பொடிசு அவளைத் தாண்டிப் போய், பின்னால் நின்ற அத்தையின் தோளில் விழுந்து அழுதாள்.

விரித்த கையை என்ன செய்வது? கொடியில் காய்ந்துகொண்டிருந்த துண்டை எடுத்து மடித்தாள் கத்திரியம்மா. பாதி ஈரம். அதைக்கூடக் கவனிக்காமல் நாலாக மடித்தாள்.

கத்திரியம்மா என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, நீராவிப் பெட்டியில் வைத்தெடுத்து, எண்ணித் தட்டில் கட்டி அனுப்பும் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. ஒரு சின்னக் கத்திரிக்கோல் எண்ணிக்கையில் குறைந்தால் போதும், அது கிடைக்கிறவரை யாரையும் டீ குடிக்க விடமாட்டாள். அங்கே வேலை பார்க்கும் பெண்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர், மெல்ல நடந்து வீடுவரைக்கும் வந்துவிட்டது. அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

அத்தை என்பவள் அவளுடைய நாத்தனார். பொடிசுக்கு எட்டு மாதமாக இருந்தபோது, "மூணு மாசம் நான் பார்த்துக்கறேன் அண்ணி, நீங்க வேலைக்குப் போங்க" என்று பெட்டியோடு வந்தாள். அந்த மூன்று மாதம் இருபத்திரண்டு வருடமாகிவிட்டது. முன்னறையில் தையல் மிஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைக்கிறாள். கத்திரியம்மா காலை ஷிஃப்ட், மாலை ஷிஃப்ட் என்று ஓடிய காலத்தில் பொடிசுக்குச் சோறு ஊட்டியவள், காய்ச்சலுக்கு நெற்றியில் துணி நனைத்துப் போட்டவள், பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கியவள் எல்லாம் நாத்தனார்தான். கத்திரியம்மா நன்றி மறந்தவள் இல்லை. ஆனால் நன்றி ஒரு பக்கம் இருக்க, பொறாமை பாட்டுக்கு இன்னொரு பக்கம் வளர்ந்துகொண்டே இருந்தது.

இன்று அது வளர்ந்து நின்ற கதைதான் இந்த வாரம்.

*

காலை ஒன்பது மணி. மலையேறுகிறவர்களுக்கும் படகுக்காரர்களுக்கும் சாமான் விற்கிற கடை. கண்ணாடி மேஜைக்கு முன்னால் பொடிசு உட்கார்ந்திருந்தாள். வலப்பக்கம் அம்மா, இடப்பக்கம் அத்தை.

மருந்துக் கம்பெனி மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். இனிமேல் ஆபத்துக்குத் தகவல் சொல்லும் கருவி இல்லாமல் மேட்டு ரூட்டுக்கு வண்டி போகக் கூடாது. இன்று மதியமே லோடு இருக்கிறது. கருவி இல்லையென்றால் ரூட் வேறு டிரைவருக்கு. அந்த ரூட்டுக்காக இரண்டு வருடம் நகரத்துச் சந்துபொந்தெல்லாம் ஓட்டிக் காத்திருந்தவள் பொடிசு.

கடைக்காரர் பொறுமைசாலி. ஒவ்வொரு கருவியாக எடுத்து வைத்தார்.

"இது வாக்கி டாக்கி. அஞ்சாறு கிலோமீட்டருக்குள்ள இன்னொருத்தர் கையிலயும் இதே மாதிரி ஒண்ணு இருந்தா பேசிக்கலாம்."

"மேட்டுல அஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு ஆடு கூட இருக்காது சார்," என்றாள் பொடிசு.

"அப்போ இது வேண்டாம். இது சாட்டிலைட் போன். திறந்த வெளியில நின்னு ஆன்டெனாவை வானத்தைப் பார்த்து வெச்சா எங்கேருந்தும் பேசலாம்."

"இதையே குடுங்க," என்றாள் கத்திரியம்மா. "பேசினாத்தான் மனசு ஆறும். குரலைக் கேட்டாலே போதும், என்ன விஷயம்னு பெத்தவளுக்குத் தெரிஞ்சுடும்."

பெத்தவள் என்ற சொல்லில் ஓர் அழுத்தம் இருந்தது. நாத்தனார் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவள் கண் மூன்றாவது கருவியின் மேல் இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற ஆரஞ்சு நிறப் பெட்டி.

"இது என்னங்க?"

"இது பேசாதும்மா. எழுத்துலதான் செய்தி போகும், வரும். ஒவ்வொண்ணும் போய்ச்சேர ரெண்டு மூணு நிமிஷம் ஆகும். ஆனா ஆபத்துன்னா இந்த மூடியைத் திறந்து பொத்தானை அஞ்சு விநாடி அமுக்கினாப் போதும். மீட்பு மையத்துக்கு இருக்கற இடத்தோட தகவல் போயிடும்."

"அண்ணி, இதான் சரி. பொடிசு பயந்தா பேச மாட்டா. வாய் அடைச்சுப் போயிடும்."

"யாரு, என் பொண்ணா? அவ பயந்து நான் பார்த்ததே இல்ல."

"நீங்க பார்த்திருக்க மாட்டீங்க அண்ணி."

குத்திக் காட்டவேண்டும் என்று சொல்லவில்லை அவள். இயல்பாகச் சொன்னாள். குத்திக் காட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். இதற்கு என்ன கேட்பது?

கடைக்காரர் நடுவில் இருந்தவளைப் பார்த்தார். "வண்டி ஓட்டப் போறது நீங்கதானேம்மா? நீங்க சொல்லுங்க."

பொடிசு ஆரஞ்சுப் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "அன்னிக்குச் சிக்னல் இருந்திருந்தாலும் நான் பேசியிருக்க மாட்டேம்மா. வாயே வரல. இது இருக்கட்டும்."

கத்திரியம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது. பெட்டியா போனா என்பதல்ல அவள் கணக்கு. அம்மா சொன்னதா, அத்தை சொன்னதா என்பதுதான்.

கடைக்காரர் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டார். மையத்தில் பதிவு செய்ய விவரம் வேண்டுமாம். "ரத்த வகை?"

"ஓ பாசிட்டிவ்!" வகுப்பில் கையைத் தூக்குகிற பிள்ளைபோல் முந்திக்கொண்டாள் கத்திரியம்மா.

"ஏதாவது மருந்து ஒத்துக்காதா?"

"பென்சிலின்," என்றாள் நாத்தனார். "ஆறு வயசுல ஒரு தடவை உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு. நான்தான் தூக்கிட்டு ஓடினேன்."

ஆஸ்பத்திரியில் இருபத்தைந்து வருடம் வேலை பார்க்கிறவள், கடைக்காரர் அதை நோட்டில் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவளுக்கு இரட்டை ஷிஃப்ட். வந்து கேள்விப்பட்டதுதான். எந்த மருந்து என்று கேட்டோமா இல்லையா என்பதே இப்போது நினைவில்லை.

"இப்போ முக்கியமான விஷயம்," என்றார் கடைக்காரர். "பொத்தானை அமுக்கினதும் மையத்துல முதல் நம்பருக்குத்தான் கூப்பிடுவாங்க. அந்த ஆள் எடுக்கலன்னா மூணு தடவை முயற்சி பண்ணிட்டுத்தான் ரெண்டாவது நம்பருக்குப் போவாங்க. நீங்க அனுப்பற சாதாரணச் செய்தியும் முதல் நம்பருக்கு மட்டும்தான் போகும். அதனால எப்பவும் போனைக் கையில வெச்சிருக்கற ஆளா பார்த்துச் சொல்லுங்க. முதல் நம்பர் யாரோடது?"

"அத்தையோடது."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. யோசிக்கவில்லை, திரும்பி அம்மா முகத்தைப் பார்க்கவில்லை.

"ரெண்டாவது?"

"அம்மா."

வெளியே வரும்போது கடையின் கண்ணாடிக் கதவு பொடிசின் விரலில் மோதி மூடியது.

"ஐயோ, அத்தே!"

விரல் நசுங்கினால் ஊரிலுள்ள பிள்ளைகளெல்லாம், ஏன், பேரன் பேத்தி எடுத்த கிழவர்கள்கூட ஒரே வார்த்தையைத்தான் கத்துவார்கள். தான் பெற்ற ஒன்று மட்டும் வேறு வார்த்தை கத்துகிறது. கடைக்காரர் கத்திரியம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் பரிதாபம் இருந்தது. அவளுக்கு அந்த ஆளின் நோட்டைப் பிடுங்கிக் கிழித்தால் என்ன என்று வந்தது.

*

பதிவைக் கடையிலேயே முடித்திருக்கலாம். இன்டர்நெட் சதி செய்துவிட்டது. "வீட்டுல போய்ப் போனிலேயே போட்டுடுங்க, பத்து நிமிஷ வேலை" என்று ஒரு துண்டுச்சீட்டில் கருவியின் எண்ணை எழுதிக் கொடுத்திருந்தார் கடைக்காரர்.

பதினொன்றரை மணிக்குப் பொடிசு லோடு ஏற்றக் கிளம்பினாள். செருப்பை மாட்டிக்கொண்டே அந்தச் சீட்டை அம்மாவிடம் நீட்டினாள்.

"பதிவை நீ போட்டுடும்மா. அத்தை அவசரத்துல எதையாவது மாத்திப் போட்டுடுவா. தப்பே இல்லாம படிவம் நிரப்பற ஆளு நம்ம வீட்டுல நீ ஒருத்திதான்."

"சரி, பார்த்துப் போ."

"நாலு மணிக்குப் பழைய லாரி எடைமேடைகிட்டேருந்து சோதனைச் செய்தி அனுப்புவேன் அத்தே!" முன்னறைப் பக்கம் திரும்பிக் கத்தினாள் பொடிசு. "அங்க போனுக்குச் சிக்னல் கிடையாது. கிடைச்சதுன்னு பதில் போடு. அஞ்சு மணிக்குள்ள பதில் வரலைன்னா வண்டியைத் திருப்பிடணும்னு மேனேஜர் சொல்லியிருக்காரு. இருட்டறதுக்குள்ள மேட்டைத் தாண்டணும். மறந்துடாதே!"

"நீ போ. நான் மிஷினைத் தொட்டா ஏன்னு கேளு!" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

சமையலறை மேஜையில் கத்திரியம்மா போனோடு உட்கார்ந்தாள். எதிரே அவள் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக். மனைவிக்கும் தங்கைக்கும் நடுவில் இருபத்திரண்டு வருடம் எந்தத் தளத்திலும் நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிற மனிதர்.

கருவியின் எண். வண்டி எண். ரத்த வகை. ஒத்துக்கொள்ளாத மருந்து என்ற கட்டத்தில் 'பென்சிலின்' என்று அடித்தபோது விரல் சற்று அழுத்தமாகவே விழுந்தது.

முதல் தொடர்பு எண்.

கத்திரியம்மா நாத்தனாரின் எண்ணை அடிக்க ஆரம்பித்தாள். நாலு இலக்கம் வரைக்கும் அடித்தாள். நிறுத்தினாள்.

ஒரு தடவை. ஒரே ஒரு தடவை. 'கிடைச்சது, அம்மா' என்று பதில் போகட்டுமே. அந்த மேட்டில் ஏறுவதற்கு முன்னால் என் பெயரைப் பார்த்துவிட்டு ஏறட்டுமே. நாத்தனார்தான் இரண்டாவதாக இருக்கிறாளே, குடியா முழுகிவிடும்? நாலு மணிக்கு டீ இடைவேளை. ஆஸ்பத்திரி லாக்கரில் இருக்கிற போனை எடுத்துப் பார்த்துப் பதில் போட எவ்வளவு நேரமாகும்? சாயங்காலம் நாத்தனாரிடம் சொல்லிவிட்டால் போயிற்று. அதுவரைக்கும் காத்திருக்கட்டும். பிள்ளையிடமிருந்து ஒரு வார்த்தை வராதா என்று காத்துக் கிடப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கும் ஒரு நாள் தெரியட்டும்.

"நேத்து ஒரு வேடிக்கை கேளு," என்றார் கணவர், சோற்றைப் பிசைந்துகொண்டே. "பெரிய அடுக்குமாடி. லிஃப்ட்டு நடுவுல நின்னுபோச்சு. உள்ளே ரெண்டு பேர். அலாரத்தை அமுக்கறாங்க, அமுக்கறாங்க, யாரும் வரல. போய்ப் பார்த்தா, மணி வாட்ச்மேன் கூண்டுல இல்ல, முதலாளி வீட்டுல அடிக்குது. தன் கட்டடத்துல எது நடந்தாலும் தனக்குத்தான் முதல்ல தெரியணுமாம் அந்த ஆளுக்கு. அவரு வெளியூர் போயி ஒரு வாரம் ஆச்சு. மணி பூட்டின வீட்டுல அடிச்சுக்கிட்டே இருக்கு."

"சாப்பிடும்போது என்ன பேச்சு?" என்று எரிந்து விழுந்தாள் கத்திரியம்மா.

"நான் என்ன சொல்லிட்டேன்?"

"ஒண்ணும் சொல்லல. சாப்பிடுங்க."

அடித்த நாலு இலக்கத்தையும் அழித்தாள். தன் எண்ணை அடித்தாள். இரண்டாவதில் நாத்தனார் எண். 'சேமி' என்பதைத் தொட்டாள். பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்தது. படிவத்தில் ஒரு பிழை இல்லை.

*

ஷிஃப்ட் இரண்டு மணிக்கு.

போனை லாக்கரில் வைக்காமல் உள்ளே கொண்டுபோய்விட்டால் என்ன என்று வழியெல்லாம் ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. உடுப்புக்குள் செருகிக்கொண்டால் யாருக்குத் தெரியும்? கருவி அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தைக் காப்பாற்றுகிறவளே அவள்தானே, அவளை யார் சோதிப்பது?

லாக்கர் வரிசை முன்னால் அந்தப் புதுப்பெண் நின்றுகொண்டிருந்தாள். காலுறைக்குள் போனை ஒளித்துக்கொண்டு வந்தாள் என்று போன மாதம்தான் கத்திரியம்மா அவள்மேல் புகார் எழுதிக் கொடுத்திருந்தாள். அன்று அவளுடைய குழந்தைக்குக் காய்ச்சலாம். "எல்லார் வீட்டுலயும்தான் குழந்தை இருக்கு" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

புதுப்பெண் தன் போனை நிதானமாக லாக்கரில் வைத்தாள். பூட்டினாள். நகரவில்லை. புன்னகையோடு நின்றாள்.

கத்திரியம்மாவும் வைத்தாள். பூட்டினாள்.

"வாங்க மேடம், போலாம்," என்றாள் புதுப்பெண்.

மூன்றரை மணி வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. மூன்றே முக்காலுக்கு மேல்மாடியிலிருந்து மணி அடித்தார்கள். விபத்தில் அடிபட்டு இரண்டு பேர், ஒரே நேரத்தில் இரண்டு அறுவை சிகிச்சை, ஐந்து தட்டு உடனே வேண்டும். விபத்து என்ற சொல்லைக் கேட்டதுமே எந்தச் சாலை என்று கேட்டாள். மேட்டுச்சாலை இல்லை, பக்கத்துச் சந்திப்புதான் என்று தெரிந்த பிறகும் கண் லாக்கர் பக்கமே போனது.

சுவர்க் கடிகாரத்தில் நாலு அடித்தது. டீ இடைவேளையை யாரும் நினைக்கவில்லை. நினைக்கவும் முடியாது. மேலே ஒருவனுடைய வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

நாலு பத்து. நாலு இருபது.

பெரிய கத்திரி இரண்டு, சின்னது நாலு, வளைந்தது... வளைந்தது எத்தனை? திரும்ப எண்ணினாள். ஆறு. இன்னொரு முறை எண்ணினாள். ஐந்து.

"மேடம், ஆறுதான். நான் எண்ணிட்டேன்," என்றாள் புதுப்பெண். இந்த முறை புன்னகை இல்லை. "உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

நல்லா இல்லை. இப்போது அவள் மனசில் பொறாமைகூட இல்லை, பயம்தான் இருந்தது. ஒரு பிள்ளை எடைமேடைப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, கையில் ஆரஞ்சுப் பெட்டியை வைத்துக்கொண்டு பதிலுக்காகக் காத்திருக்கிறது. பதில் சொல்ல வேண்டிய போன் இரும்புப் பெட்டிக்குள் கிடக்கிறது. ஐந்து மணியானால் வண்டியைத் திருப்பிவிடுவாள். நாளையிலிருந்து அந்த ரூட் வேறொருவருக்கு. இரண்டு வருடக் காத்திருப்பைப் பத்து நிமிடத்தில், அதுவும் பிழையில்லாமல், அழித்தாகிவிட்டது.

ஐந்தாவது தட்டு லிஃப்ட்டில் ஏறியபோது மணி நாலு நாற்பத்தெட்டு. வெளி மேஜையில் ஆஸ்பத்திரித் தொலைபேசி அடித்தது.

"அண்ணி! நான்தான்."

நாத்தனார் அழுதுகொண்டிருந்தாள்.

"பொடிசுகிட்டேருந்து ஒண்ணும் வரல அண்ணி. நாலு மணியிலேருந்து போனைக் கையிலயே வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். தண்ணி குடிக்கக்கூட எழுந்திருக்கல. கடைக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டேன். கருவி நல்லாத்தான் வேலை செய்யுதாம். மூணு செய்தி போயிருக்காம், முதல் நம்பருக்குப் போய்ச் சேர்ந்துடுச்சாம். அப்போ என் போன்லதான் கோளாறு! ரெண்டு தடவை அணைச்சுப் போட்டுட்டேன். பக்கத்து வீட்டுத் தம்பிகிட்ட காட்டினேன், அவருக்கும் தெரியல."

கத்திரியம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"புதுப் போன் வாங்கித் தர்றேன் அத்தேன்னு எத்தனை தடவை சொன்னா! நான்தான் இதுவே போதும்னு பிடிவாதம் பிடிச்சேன். இப்போ என்னால அவ ரூட்டு போகப் போகுது அண்ணி. பாவி நான், இப்படிப் பண்ணிட்டேனே!"

எத்தனையோ வருடமாக இவள் எதிலாவது தோற்றுப்போய்த் தன்னிடம் வந்து அழவேண்டும் என்று கத்திரியம்மா உள்ளூர ஆசைப்பட்டிருக்கிறாள். அந்த ஆசை இன்று நிறைவேறிக்கொண்டிருந்தது. காது கூசியது.

"லைன்லயே இரு. வெச்சுடாதே," என்றாள்.

ரிசீவரை மேஜைமேல் கிடத்திவிட்டு ஓடினாள். ஐம்பத்து நாலு வயதில், ரப்பர் செருப்போடு, தாழ்வாரத்தில் ஓடினாள். சாவி பூட்டுக்குள் நுழைய மறுத்தது. மூன்றாவது முறை நுழைந்தது.

போனில் மூன்று செய்தி.

நாலு இரண்டு: 'சோதனை. கிடைச்சதா?'

நாலு பத்தொன்பது: 'அத்தே, கிடைச்சதா?'

நாலு முப்பத்தேழு: 'அத்தே பதில் போடு. இங்க யாருமே இல்ல. பயமா இருக்கு.'

என் பெண் பயந்து நான் பார்த்ததே இல்லை என்று காலையில் சொன்னவள், முதல் முறையாகப் பார்த்தாள்.

மணி நாலு ஐம்பத்திரண்டு. நடந்துகொண்டே அடித்தாள். 'கிடைச்சது. அம்மா.'

அனுப்பப் போன விரல் நின்றது. அம்மா என்று பார்த்தால் பொடிசு என்ன நினைப்பாள்? அத்தைக்கு என்ன ஆயிற்று என்றுதான் முதலில் நினைப்பாள். போனை ஒரு நிமிடம் கீழே வைக்காத அத்தை ஏன் பதில் போடவில்லை, அம்மா ஏன் வேலையை விட்டுவிட்டுப் போடுகிறாள் என்று பதறுவாள். விளக்கம் கேட்டு எழுதுவாள். கேள்வி வர மூன்று நிமிடம், பதில் போக மூன்று நிமிடம். ஐந்து மணி தாண்டிவிடும். தாண்டாவிட்டாலும் அந்தப் பதற்றத்தோடு மேட்டில் வண்டி ஓட்டுவாள்.

கத்திரியம்மா தன் பெயரை அழித்தாள். காலையிலிருந்து இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவும் செய்தாள். அழிக்க ஒரு விநாடிதான் ஆயிற்று.

'கிடைச்சது. போன் தகராறு. பயப்படாத, தைரியமா போ. அத்தை.'

அனுப்பினாள்.

மேஜைக்குத் திரும்பினாள். கவிழ்ந்து கிடந்த ரிசீவரிலிருந்து "அண்ணி... அண்ணி, இருக்கீங்களா?" என்ற குரல் பூச்சிபோல் ஒலித்துக்கொண்டிருந்தது. அவள் எடுக்கவில்லை. கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாலு ஐம்பத்து நாலு. ஐம்பத்தைந்து. ஐம்பத்தாறு.

நாலு ஐம்பத்தெட்டுக்குச் செய்தி வந்தது.

'அப்பாடா! உயிரே வந்துச்சு அத்தே. கிளம்பிட்டேன். ஒரு விஷயம். உன்கிட்ட சொன்னேனே, மேட்டுக்கு அந்தப் பக்கத்துக் கிளை, அங்க எனக்கு வேலை உறுதின்னு மேனேஜர் இன்னிக்குச் சொல்லிட்டாரு. அடுத்த மாசமே அங்க குடி போகணும். அம்மாகிட்ட நீ சொல்லிடாத. தாங்கமாட்டா. நானே வந்து சொல்றேன்.'

கத்திரியம்மா அதை இரண்டு முறை படித்தாள். வண்டி கிளம்பிவிட்டது. ரூட் பிழைத்துவிட்டது. பிள்ளை பத்திரம். அடுத்த மாதம் அவள் இந்த வீட்டில் இருக்கமாட்டாள். அந்த வேலைப் பேச்சு நாத்தனாருக்கு முன்பே தெரியும்.

ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள்.

"கிளம்பிட்டா. நல்லா இருக்கா. அழாதே."

"கடவுளே! எப்படி அண்ணி தெரியும்? யாரு சொன்னா?"

"செய்தி வந்துச்சு. என் போனுக்கு."

"உங்க போனுக்கா? முதல் நம்பர் என்னுதாச்சே..."

"மாத்திட்டேன். மத்தியானம் படிவம் போடும்போது நான்தான் மாத்தினேன். உன் போன்ல ஒரு கோளாறும் இல்ல."

திட்டட்டும் என்று காத்திருந்தாள் கத்திரியம்மா. திட்டு வரவில்லை. மிகத் தாழ்ந்த குரலில் ஒரு கேள்விதான் வந்தது.

"என்ன எழுதியிருக்கா அண்ணி?"

"உனக்குத்தான் எழுதியிருக்கா. என்கிட்ட சொல்லக் கூடாதாம்."